நூறு மில்லி

இரவு எட்டு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை.
விரதம் இல்லை. டியூட்டி.
பெண்கள் வரிசைக்கு நான் ஒருத்தி.
மாற்றுக்கு ஆள் வரும்வரை
திரைச்சீலைக் கூண்டைவிட்டு நகர முடியாது.
அடிவயிற்றுக்கு அது பழகிவிட்டது,
நாக்குக்குத்தான் ஆறு வருடமாகியும் புரியவில்லை.

முழங்காலுக்குப் பக்கத்தில் நீலத் தொட்டி.
பாட்டில் தனியாக, உள்ளிருப்பது தனியாக.
ரோஜா சர்பத், எலுமிச்சைச் சாறு,
யாரோ மாமியார் கொடுத்தனுப்பிய மோர்.
விடியும்போது அது நிரம்பியிருக்கும்
நான் வற்றியிருப்பேன்.

டெல்லி, மூன்றாம் முனையம், ஒன்று நாற்பது.
கோலாலம்பூர் வரிசை வளைந்து நின்றது.
திரையைப் பார்க்கும் தேவேந்தர் கையைத் தூக்கினான்:
பிஸ்கட் ஆரஞ்சு, சாவிக்கொத்து நீலம்,
நடுவில் கறுப்பாக ஓர் உருண்டை.
எந்திரத்துக்கு அதன் உள்ளே தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.
வாயை ஈயம் வைத்து அடைத்த காசிச் செம்பு.
இந்த வாரத்தில் ஏழாவது.

அஞ்சலை ஏ/பி முனியாண்டி என்றது பாஸ்போர்ட்.
மூன்று முழுக்கில் சளி கட்டிய குரல்.
இந்தியில் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன்.
அவள் ‘ஆத்தாடி’ என்றதும் தமிழில் சொன்னேன்:
நூறு மில்லிக்கு மேல விடமாட்டாங்கம்மா.
‘விடமாட்டாங்க.’
விடாதவள் நான்தான்.
அதை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எந்த ஊரு பிள்ளை?
தென்காசி.
அப்ப வடகாசி?
போனதில்ல.
அவள் சிரித்தாள். வரிசை சிரிக்கவில்லை.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
சுங்கைப் பட்டாணியில் நாத்தனார்
படுக்கையில் கிடக்கிறாளாம்.
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
ஒரு சங்கிலி, அதைவிட ஒரு வார்த்தை.
போறப்ப வாயில ஊத்த ஆள் வேணும்ல.
நான் ஊத்துனா துப்பிருவா.
கங்கைன்னா துப்பமாட்டா.

ஐம்பது சென் காசால் ஈயத்தை நெம்பினாள்.
கைப்பையில் இருமல் மருந்துக் குப்பி;
மருந்தைத் தொட்டியில் கொட்டி, கங்கையால் அலசி,
கங்கையால் நிரப்பினாள்.
நூறு மில்லி. கழுத்துவரை.
செம்பில் இன்னும் முக்கால் கிடந்தது.
ஒரு சொட்டு போதும் அவளுக்கு.
எதுக்கு ஒரு செம்பைச் சுமந்தேன், சொல்லு.

பிறகு அண்ணாந்து, உதடு படாமல்,
குடிக்கத் தொடங்கினாள்.
தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.
பின்னால் ஒரு குழந்தை வாயைத் திறந்து பார்த்தது.
வயித்துக்குள்ள அளக்குற மெசின் இருக்கா?
இல்லம்மா.

கடைசி வாய் அவளால் முடியவில்லை.
செம்பை என் பக்கம் நீட்டினாள்.

கையுறை இருந்தது. கேமரா இருந்தது.
எட்டு மணியிலிருந்து எச்சில்கூட ஊறாத நாக்கு இருந்தது.
தலையசைத்தேன்.
சரி, நீயே ஊத்திரு.
ஊற்றினேன்.
மோரில் அது விழுந்த சத்தம்
மோரில் எது விழுந்தாலும் கேட்கிற சத்தம்தான்.

காலிச் செம்போடு சட்டத்தைக் கடந்தாள்.
பச்சை விளக்கு.

ஐந்தரைக்கு இர்ஃபான் தொட்டியை உருட்டிப் போக வந்தான்.
எங்கே ஊற்றுவாய் என்று முதன்முறையாகக் கேட்டேன்.
பின்னால் ஒரு குழாய் மேடம்,
அங்கிருந்து நஜஃப்கட் நாலா,
நாலா யமுனையில்.
அதற்கப்புறம் அவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்: பிரயாகை, அப்புறம் காசி.
சொல்லவில்லை.
அவனுக்கு இன்னும் நான்கு தொட்டி இருந்தது.

மஹிபால்பூர் விடுதியில் சுத்திகரிப்பு எந்திரம்
வடிகட்டியை மாற்றச் சொல்லிச்
சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.
தம்ளர் தேடப் பொறுமையில்லை.
உள்ளங்கையைக் குவித்து நீட்டினேன்.
கையுறைப் பொடி வாசனையோடு குடித்தேன்.
மூன்று வாய்.
எண்ண நினைக்கவில்லை,
எண்ணியிருந்தேன்.