வாலில் ஒரு டி

செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு
அந்தக் கட்டடத்தைப் பூட்டுவது என் வேலை.
எட்டரைக்கே வந்து
தாழ்வார ஹீட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன்.
உள்ளே வகுப்பு.
மீன் ஆலையில் பகல் ஷிஃப்ட் முடித்து
கையுறை வாடை போகாத விரல்களால்
ஆங்கிலம் எழுதுகிறவர்கள்.

நான் கிரிம்ஸ்பியிலேயே பிறந்தவன்.
அந்த மொழியை யாரிடமும் படித்ததில்லை.
சளி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டது.

அன்றைக்குப் பாடம், யூஸ்ட் டு.
இமோஜன் பலகையில் எழுதினாள்:
ஐ யூஸ்ட் டு ஸ்மோக்.
முன்னெல்லாம் புகைப்பேன்.
அப்படியென்றால்? என்றார் ட்செகாய்.
இப்போது இல்லை என்று அர்த்தம்.
எப்போது விட்டார், அதில் இருக்கிறதா?
இல்லை.
ஏன் விட்டார்?
அதுவும் இல்லை.
பிறகு எதற்கு இந்தச் சொல் என்றார்,
பேரேட்டில் ஒரு தொகை உதைக்கிற குரலில்.
அஸ்மாராவில் வங்கியில் இருந்தவராம்.
அதையே எழுதுங்களேன் என்றாள்.
எழுந்து போய் எழுதினார்:
ஐ யூஸ்ட் டு வொர்க் இன் எ பேங்க்.
சாக்பீஸைக் கீழே வைக்காமல்
கொஞ்சநேரம் அதைப் பார்த்தார்.
அப்புறம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வரியில் அவள்
முன்னால் ஒரு சின்ன 'ஆம்' சேர்த்தாள்.
ஐ ஆம் யூஸ்ட் டு.
அவ்வளவுதான்,
முடிந்துபோனது
பழகிப்போனதாக மாறிவிட்டது.
குளிர் பழகிவிட்டது.
இரவு வேலை பழகிவிட்டது.
ஐ யூஸ்ட் டு தி கோல்ட் என்றாள் டைவா.
'ஆம்' எங்கே?
எட்டு மணிநேரம் பனிக்கட்டியில் கைவிட்டு
ஹாடக் அறுக்கிறவள்
விரல்களை விரித்துக் காட்டினாள்:
தொட்டியில் விழுந்திருக்கும்.
வகுப்பு சிரித்தது. கதவுக்கு வெளியே நானும்.

ஷிலானுக்கு வேறொரு சிக்கல்.
தினமும் அம்மாவுக்கு போன் செய்கிறேன்,
அதை இந்தச் சொல்லில் எப்படிச் சொல்வது?
முடியாது என்றாள் இமோஜன்.
இதற்கு நிகழ்காலமே கிடையாது.
யூஷுவலி என்று சொல்லிக்கொள்.
ஷிலான் பேனாவை மூடினாள்.
அப்படியானால் எனக்கு இது
இப்போதைக்கு வேண்டாம்.

ஐம்பத்திரண்டு வருஷமாய்ப் பேசுகிறேன்,
நிகழ்காலம் இல்லாத சொல் ஒன்று
என் வாயில் இருப்பது
எனக்கே தெரியாது.

கடைசிப் பத்து நிமிஷம், எதிர்மறை.
'டிட்' வந்தால் வாலில் இருக்கும் டி போய்விடும்.
கடந்தகாலத்தை 'டிட்' சுமக்கிறது,
ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை போதும் என்றாள்.

ஹீட்டரை விட்டு நகர்ந்தேன்.

பதினோரு வருஷம் முன்னால்
கேஸ் பில்லின் பின்பக்கத்தில் ஜானிஸுக்கு எழுதினேன்:
நான் முன்பு இப்படி இருந்ததில்லை.
டிட்டும் போட்டு, டியும் போட்டு.
காலையில் கெட்டிலுக்கு அடியில் அது இருந்தது,
பென்சிலால் அந்த டியைச் சுற்றி
ஒரு வட்டம்.
வேறு ஒரு வார்த்தை இல்லை.
துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள்.
இவ்வளவு எழுதியதில் உனக்கு இதுதான் தெரிந்ததா என்று
தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.
மார்ச்சில் போய்விட்டாள்.
கேலி செய்தாள் என்றுதான் இத்தனை நாள்.
கை தானாகப் போயிருக்கலாம்.
வேலைப் பழக்கம்.
அல்லது கேலிதானோ என்னவோ,
அவளுக்கு அதுவும் வரும்.

ஒன்பது மணி.
எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
மிஸ்டர் ஹாப்வுட், நீங்கள் இந்த ஊர்க்காரர்,
அந்த டியை நீங்கள் உச்சரிப்பீர்களா? ட்செகாய்தான்.
சொல்லிப் பார்த்தேன், இரண்டு விதமாகவும்.
பக்கத்திலேயே டு நிற்கிறது,
இருந்தாலும் இல்லாவிட்டாலும்
காதுக்கு ஒன்றுதான்.
அப்போது எழுதினால்தான் மாட்டுவோம் என்றார்.
ஆமாம், எழுதவே கூடாது என்றேன்.

பலகையைத் துடைத்தேன்.
வங்கியை முதலில், சீக்கிரமாக.
விளக்கணைத்து வெளியே வந்து பூட்டி,
பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.
அதற்கு
யூஷுவலி.