முலாம்

கோவை கணபதியில் என் பட்டறை.
பம்ப்செட் வால்வுகளுக்கு நடுவே
துண்டில் சுற்றிய பூசைக் கிண்ணத்தை
இறக்கி வைத்தார் கோயில்பிள்ளை இஞ்ஞாசி.
"சாமியார் கை மட்டும் படறதுங்க.
கையுறை போட்டுக்கங்க."
அமிலத்துக்கு எப்பவும் போடுவதுதான். போட்டேன்.

பழைய பொன் கரைய
உள்ளே பித்தளை.
வெள்ளியென்று நம்பிக்கொண்டிருந்தார்;
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விளிம்பில் ஒரே இடம்
முன்னமே தேய்ந்திருந்தது,
எத்தனை சாமியார் உதடோ.

சயனைடுத் தொட்டியில் தலைகுப்புற
நான்கு நிமிடம்.
மூன்று தரம் அலசினால் போதும்,
ஏழு தரம் அலசினேன்.

"விஷம் ஏதும் தங்காதுங்களே?"

பில்லூர்த் தண்ணீர் பிடித்து
மடக்கென்று குடித்துக் காட்டினேன்.

அப்புறந்தான் இரண்டு பேரும்
என் கையைப் பார்த்தோம்.
கையுறை மேசைமேல் கிடந்தது.