பக்கம் அறுபத்திரண்டு

எங்கள் வாசகனுக்கு ஜெட் என்று பெயர்.
வயது இருபத்திரண்டு. கறுப்புச் சட்டை ஏழு,
வாராத தலை, மாதக் கடைசியில் கடன்.
ஒரு பக்கத்தில் ஒன்பது விநாடிக்கு மேல் நிற்கமாட்டான்.
ரோவேனாவின் ஆய்வறிக்கை அவனைப்
பெற்று வளர்த்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
மதியம் அவனைப் பார்த்தபடி சாண்ட்விச் தின்கிறேன்.
அவன் யாரையும் பார்ப்பதில்லை.

ஹல் நகரம். கம்பளக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் ஹம்பர் ஆற்றின் சேறு மணக்கும்,
மூடினால் கம்பளம்.
பன்னிரண்டு ஆண்டுகளாக
'ரிவெட்' இசை இதழின் பக்கங்களைக் கட்டுவது நான்.

அட்டையில் எங்களுக்கு ஐந்தெழுத்து.
சிவப்பு. எந்தச் சிவப்பும் அல்ல, அந்தச் சிவப்பு.
இந்த மாதம் பாடகியின் தலைமுடி
நடுவில் இரண்டெழுத்தை விழுங்கிவிட்டது.
விழுங்கட்டும் என்றேன்.
பாதி முகத்தை மப்ளர் மூடினாலும்
ரயிலடியில் தம்பியைக் கண்டுபிடித்துவிடுகிறோம் அல்லவா,
அதற்குப் பெயர்தான் பிராண்ட்
என்று ஆசிரியர் கெதின் கூட்டத்தில் சொன்னார்.
முதலில் சொன்னது நான். பரவாயில்லை.

புது வடிவமைப்பில்
விமர்சனம் இருநூறு சொல்லிலிருந்து இருபதுக்கு இறங்குகிறது.
மீதிக்கு நட்சத்திரம்.
ஊதாப் பின்னணி, வெள்ளை எழுத்து.
ஜெட்டுக்குப் பிடிக்கும்.
போன இதழில் ஒரே ஒரு பக்கம்
வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தோம். அறுபத்திரண்டு.

செவ்வாயன்று ஒரு கடிதம். தாளில், பால்பாயின்ட் பேனாவில்.
லோர்னா ஸ்பைவி, நாற்பத்தேழு வயது,
கேரவன் தொழிற்சாலையில் வெல்டர்.

"இடது காது முதலில் போனது.
வலது காது அதற்குத் துணையாகப் போனது.
பேஸ் கிதாரை மட்டும் சோபா வழியாக என் முதுகு கேட்கிறது.
மற்றதெல்லாம் உங்கள் ஆட்கள் எழுதிக் கேட்பதுதான்.
'ஈரத் தகரத்தில் இழுத்துப்போன நாற்காலி' என்று
ஒருவர் எழுதியிருந்தார்.
மூன்று நாள் எனக்குள் இழுபட்டது அது.
இப்போது நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள்.
நான்கு நட்சத்திரம் என்பது என்ன சத்தம்?
இன்னொன்று, ஊதாவில் வெள்ளை கண்ணுக்கு ஆகவில்லை.
காதைத்தான் கொடுத்தாயிற்று."

ஜெட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.
ரோவேனா நல்லவள். இரண்டு முறை படித்தாள்.
ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தாள்.
ஒரு கடிதம் ஒரு போக்கு ஆகாது என்றாள்.
அதுவும் உண்மைதான்.
வட்ட வரைபடத்தில் லோர்னாவுக்கென ஒரு துண்டு வெட்டினால்
என்னிடமுள்ள மிக மெல்லிய கோடே
அதைவிடத் தடிமன்.

நட்சத்திரம் வென்றது. ஊதாவும்.

ஆனால் படத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
யாரும் சரிபார்ப்பதில்லை.
அங்கே ஒரு குடும்பமே குடியிருக்கலாம்,
வாடகை கேட்க ஆள் வராது.
வியாழன் இரவு,
வெட்டி எறிந்த வரிகளைக் கணினியின் குப்பையிலிருந்து பொறுக்கினேன்.
ஓரவெளியில் மூன்று மில்லிமீட்டர் திருடினேன்.
படத்தை மேலே தள்ளியதில்
டிரம்மரின் முழங்கை போயிற்று, மன்னிக்கட்டும்.
கிடைத்த வெள்ளைப் பட்டையில், கறுப்பில், ஒன்பது புள்ளி எழுத்தில்:

'இடமிருந்து வலம்: ஆஸ்கித், பெல், ரூக்.
மூன்றாம் பாட்டில் டிரம்,
பூட்டிய வேனுக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல.
கிதார், உறைந்த குளத்தில் விழுந்த கல்,
கரைவரை ஓடும் விரிசல்.'

அச்சகத்துக்கு அனுப்பும்போது மணி பதினொன்றே முக்கால்.

மறுமாதம் கண்ணசைவுச் சோதனை.
பக்கம் அறுபத்திரண்டில்
ஜெட் வயதுப் பையன்கள் நாற்பது விநாடி நின்றார்களாம்.
காரணம் என்ற கட்டத்தில் ரோவேனா எழுதியிருக்கிறாள்:
ஊதா.

அடுத்த இதழில் பதினான்கு பக்கம் ஊதா.
ஒவ்வொன்றிலும்
ஓரவெளியை அளந்துகொண்டிருக்கிறேன்.