ஏழு புள்ளி இரண்டு

மேல் குன்னூரில் எங்கள் சைக்காலஜி லேப்
முன்பு மாவு மில்லாக இருந்த கட்டடம்.
சுவரில் சாய்ந்தால் இன்னும் முதுகில் வெள்ளை ஒட்டும்.
அலமாரியில் ஒரு நினைவு உருளை,
நட்சத்திரம் வரையும் கண்ணாடிப் பெட்டி,
பிளாஸ்டரில் ஒரு மூளை:
இடது பாதி விழுந்து உடைந்து ஃபெவிகாலில் நிற்கிறது.

நான்காம் செமஸ்டர், ஆறாவது பிராக்டிகல்:
சொல் தொடர்புச் சோதனை.
ஒருவர் ஐம்பது சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல,
எதிரே இருப்பவர்
மனதில் முதலில் வந்ததைச் சொல்ல வேண்டும்.
நடுவே கிடக்கும் நேரத்தை
ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் எழுத வேண்டும்.

ஜோடி சேர்த்தது வருகைப் பதிவேடு.
எனக்கு அடுத்த எண், கொலக்கம்பை ஜெபஷீலா.
ரெக்கார்டில் பெயர் எழுதக் கூடாது.
ஜெ.ஷீ., பெண், பத்தொன்பது, பார்வை இயல்பு
என்று எழுதிக்கொண்டேன்.

மேசை: நாற்காலி. ஒன்று புள்ளி ஒன்று.
பால்: டீ. பூஜ்யம் புள்ளி ஒன்பது.
மலை: பஸ் என்றாள்,
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்
(சிரித்த நேரத்தைக் கழித்து எழுதினேன்).
பதினேழாவது சொல் கரண்டி.

கரண்டி.

கேரட் லாரி ஒன்று கீழ் வளைவில் திணறி,
கியர் விழுந்து, முனகி,
அடுத்த வளைவுக்கு ஏறிப் போனது.

'ரசம்' என்றாள்.

ஏழு புள்ளி இரண்டு.
எழுதினேன். எட்டாம் வகுப்பிலிருந்தே
கணக்கில் நான் கவனமான பிள்ளை.
சராசரியைத் தாண்டி நேரம் நீளும் இடத்தில்
மனம் எதையோ ஒளிக்கிறது என்கிறது பாடம்.
சிவப்பு மையில் வட்டமிட்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்.
'ஜன்னலுக்கு வெளிய காட்டுமாடு நின்னுச்சுடி,
அதைப் பாத்துட்டு இருந்தேன்.'
நிற்கும்தான்.
எங்கள் ஊரில் காட்டுமாடு
ஏடிஎம் வாசலில்கூட நிற்கும்.
ஆனால் அன்று பனிமூட்டம் இறங்கி
ஜன்னலில் வெள்ளையைத் தவிர
ஒன்றுமில்லை.

கரண்டியைக் காய்ச்சிச் சூடு போடுவேன் என்று
எங்கள் தெருவிலும் பேசுவார்கள்.
பேச்சோடு நிறுத்தாத வீடுகளும் உண்டு.
இரண்டு வருடத்தில் அவள் முழங்கையை நான் பார்த்ததில்லை.
இந்த ஊரில் யார் முழங்கையையும் யாரும் பார்த்ததில்லை,
பிறந்த மூன்றாம் நாளே ஸ்வெட்டர் மாட்டிவிடுகிறார்கள்.
ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது.
இந்த வாக்கியத்துக்கு
ரெக்கார்டில் கட்டம் இல்லை.

மறுவாரம் இடம் மாறினோம்.
வாட்ச் அவள் கையில். சொற்கள் வேறு.
இருபத்தொன்பதாவதாக 'செருப்பு' என்றாள்.

அப்பாவின் செருப்பு எங்கள் வாசலில் இருக்கிறது.
அப்பா திருப்பூரில்,
வேறு வாசலில், வேறு செருப்பில்.
பெருக்கும்போது அம்மா அதைத் தூக்கி,
அடியில் கூட்டி,
ஜோடி கலையாமல் அதே இடத்தில் வைக்கிறாள்.

'தோல்' என்றேன்.
அதற்குள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தேன்.

அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன்.
செருப்பு: தோல். ஒன்று புள்ளி நான்கு.
நிமிராமலே அடுத்த சொல்லைச் சொன்னாள்:
'ஜன்னல்.'
'காட்டுமாடு' என்றேன்.
வாட்சை அழுத்தாமல் இருந்தாள் சற்று நேரம்.

சமர்ப்பிக்கும் முந்தின இரவு
பிளேடால் ஏழைச் சுரண்டினேன்.
மை போனது, வட்டம் போகவில்லை.
இன்னும் சுரண்ட, தாள் கிழிந்து
மறுபக்கத்து 'நோக்கம்' என்ற தலைப்பில்
பாதி தெரிந்தது.

ரெஜினாள் மேடம் ஓட்டையைக் கண்டுகொள்ளவில்லை.
எனக்குப் பத்துக்கு எட்டு.
ஜெபஷீலாவுக்கு ஆறு,
ஓரத்தில் ஒரு குறிப்பு:
துலங்கல் நேரங்கள் நம்பும்படி இல்லை.