குறிப்பில் இல்லாதவை

ஹெலினாவில் பிப்ரவரி. மொன்டானா மாநிலச் சட்டசபை.
சுகாதாரக் குழுவின் குறிப்பெழுத்தாள் நான்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது,
அவ்வளவுதான் என் வேலை.
இருமலை எழுதுவதில்லை.

டாக்டர் ஆர்டிஸ் ஹாக்லண்ட்,
வடக்கே ரயில்பாதையோரக் கோதுமை ஊர்களின் உறுப்பினர்,
இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்தவர்.
இன்னமும் முழங்கைவரை கழுவிவிட்டுத்தான்
குழுவில் வந்து உட்காருகிறார்.
பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை,
கழுத்து நரம்பைப் பார்க்கிறார்.
தலைவரின் நகம், எதிர்வரிசையில் ஒருவரின் மூச்சு,
என் கண்ணுக்குக் கீழே உள்ள கருமை,
எல்லாவற்றையும் வாசித்துவிட்டு
மசோதாவைக் கடைசியில் வாசிக்கிறார்.

மசோதா சின்னது. நான்கு பக்கம்.
நூறு மைலுக்குள் ஒரு பிரசவ அறையாவது
திறந்திருக்க அரசு பணம் தர வேண்டும்.
அவர் ஊரில் இருந்ததை மூடியாயிற்று.
அங்கே இப்போது மடக்கு நாற்காலிகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

மர்லா ஓஸ்ட்பி சாட்சி சொன்னாள்:
நெடுஞ்சாலை ஓரம், பிக்கப் வண்டி, மைனஸ் முப்பத்தொன்று,
கணவனின் தோல் கையுறைக்குள்
குழந்தையின் தலை.
இரண்டு நிமிடம் தந்திருந்தார்கள்.
பத்து நொடி மிச்சம் வைத்து முடித்துக்கொண்டாள்.
அந்தப் பத்து நொடியை என்ன செய்வதென்று தெரியாமல்
எல்லோரும் தாள்களைப் புரட்டினார்கள்.
குழந்தை என்ன ஆனதென்று
யாரும் கேட்கவில்லை,
ஆகவே நானும் எழுதவில்லை.

மாட்டுப் பண்ணைக்காரர் டெல்பர்ட் க்ரைடர்
திருத்தம் கொண்டுவந்தார். ஒரே ஒரு சொல்.
'தர வேண்டும்' என்பது 'தரலாம்' ஆகட்டும்.
டாக்டர் எழுந்தார்:
"ரத்தம் நிற்காத பெண்ணுக்கு
மருந்துச் சீட்டில் 'லாம்' என்று எழுதி
எந்த நர்ஸிடம் நான் நீட்டுவது?"
சிரிப்பு. சிரிப்பையும் எழுதுவதில்லை.

வாக்கெடுப்புக்குச் சற்று முன்
டாக்டரிடமிருந்து ஒரு மஞ்சள் சீட்டு
கைமாறிக் கைமாறி க்ரைடருக்குப் போனது.
பேரம் என்று நினைத்தேன்.
பிரித்தார், காது சிவந்தது,
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
தன் திருத்தத்துக்கே கை உயர்த்தினார்.
பதினொன்றுக்கு ஒன்பது.
'வேண்டும்' என்ற சொல்லின் குறுக்கே
நான்தான் கோடு இழுத்தேன்.
பேனா தடங்கலில்லாமல் எழுதியது.

ஆறு மணிக்கே இருட்டு.
வாகன நிறுத்தத்தில், நூலக அட்டையால்
என் கார்க் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
க்ரைடர் டாக்டரின் வண்டியருகே வந்து நின்றார்.
"ஓட்டுக்காகவா இந்தச் சீட்டு?"
"உங்கள் பூட்ஸுக்காக.
மூன்று நாளாக அதை நீங்கள் போடவில்லை."
துணிச் சப்பாத்தோடு அவர்
பம்பரில் மெல்ல உட்கார்ந்தார். காலுறையை இறக்கினார்.
டாக்டர் கையுறையைக் கழற்றி
கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார்.
குழி விழுந்தது.
கிணற்றில் எதையோ தவறவிட்டவர்கள் போல
இருவரும் குனிந்து அதையே பார்த்தார்கள்.
டாக்டர் உதடசைத்து எண்ணினார்.
நானும் எண்ணினேன். இருபத்தெட்டில்கூட
குழி தூரவில்லை.

"இதய டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாம் என்கிறீர்களா?"
"லாம் இல்லை, டெல்பர்ட்."

காலுறையை ஏற்றப் பார்த்தார்; விரல்கள் விறைத்திருந்தன.
டாக்டரே இழுத்துவிட்டார்,
அப்படியொன்றும் மென்மையாக அல்ல.
இதய டாக்டர் எத்தனை மைல் என்று அவர் கேட்கவில்லை.
இருவருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்: இணைப்பு மூன்று,
மர்லா கொண்டுவந்த வரைபடம்,
அதே சாலை.

மறுநாள் குறிப்பைக் கொண்டுபோய் நீட்டினேன்.
டாக்டர் பக்கம் பக்கமாகப் பார்த்தார்,
கோடு விழுந்த சொல்லின்மேல் விரல் சற்று நின்றது.
பிறகு கையெழுத்துப் போட்டார்,
டாக்டர்கள் போடுகிற மாதிரி,
யாராலும் படிக்க முடியாதபடி.