இரண்டாவது நீ

முப்பத்தொரு ஆண்டுகள்
மேடைக்கடியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து
மறந்தவர்களுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தவன் நான்.
சூசரா நோர்கியாவின் வசனங்களை
என்னைவிடச் சத்தமாகச் சொன்னவர்கள் உண்டு,
என்னைவிட அதிகம் சொன்னவர் இல்லை.

எங்கள் ஆஃப்ரிகான்ஸில்
மறுப்பதென்றால் இருமுறை மறுக்க வேண்டும்.
நடுவில் ஒரு நீ, கடைசியில் ஒரு நீ.
முதலாவது சேதி, இரண்டாவது தாழ்ப்பாள் என்பாள்.
நடிகர் எவராவது அவசரத்தில்
தாழ்ப்பாளை விழுங்கிவிட்டால்
மூன்றாம் வரிசையிலிருந்து இருமுவாள்.

நாடகம் அவளுக்குக் காதுவழி வந்தது.
கல்வினியாவின் தொலைபேசி நிலையத்தில்
பத்தொன்பது வயதில் வேலை.
ஒரே கம்பியில் பதினோரு பண்ணைகள்.
இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி என்றால்
அழைப்பு ஒரு வீட்டுக்குத்தான்;
எடுப்பது பதினோரு வீடும்.
ஆட்டு ரோமத்தின் விலை, யாருக்கோ நாள் தள்ளியது,
இன்றும் மழை இல்லை,
யாரது மூச்சுவிடுவது, வை போனை!
முதல் நாடகம் அப்படியேதான்:
பதினோரு நாற்காலிகள், எல்லாம் சுவரைப் பார்த்து.
திருச்சபை கண்டித்தது.
டிக்கெட் தீர்ந்தது.

கணவன் ஒருவன் இருந்தான், விதை வியாபாரி.
இரண்டாம் நாடகத்தில் தன்னைக் கண்டுகொண்டவன்
மூன்றாவது வரும்வரை இருக்கவில்லை.

அந்த மூன்றாவதுதான் ‘தட்டு’.
அறுபத்தெட்டு. வெள்ளையரும் மற்றவரும்
ஒரே மேடையில் நிற்கக் கூடாத காலம்.
வேலைக்காரி வேடத்துக்கு
முகத்தில் மை பூசிய வெள்ளைக்காரி போதும் என்றார்கள்.
சூசரா மறுத்தாள், முறைப்படி இருமுறை.
ஆகவே கதவு திறக்கும், யாரும் வரமாட்டார்கள்.
மொத்தக் குடும்பமும் அந்த வெற்றிடத்தைப் பார்த்து
‘சர்க்கரை எங்கே?’ என்று அதட்டும்.
தணிக்கைக்காரர்கள் பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்;
வெட்டுவதற்கு அவளுக்கு ஒரு வரியும் இல்லை.
மௌனத்தின் மகத்துவம் என்றன பத்திரிகைகள்.
நானும் அழுதேன்,
பெட்டிக்குள், சத்தமில்லாமல்.

தொண்ணூற்றைந்தில் அதே நாடகம்
கல்வினியாவின் நகர மண்டபத்தில்.
ஓய்விலிருந்த என்னையும் அழைத்திருந்தார்கள்.
கைதட்டல் அடங்கியபின்
மஞ்சள் தொப்பி வைத்த ஒரு பெண் முன்னால் வந்தாள்.
கட்ரீன் ப்ளாய்கீஸ்.
அந்தத் தொலைபேசி நிலையத்தின் தரையைத் துடைத்தவள்,
ஹெட்போன் மாட்டிய சூசராவின் முதுகை
பதினான்கு ஆண்டுகள் பார்த்தவள்.

‘நல்ல நாடகம், மெஃப்ரோ. ஆனால்
எக் வாஸ் நீ ஸ்டில் நீ.
நான் பேசாமல் இருக்கவில்லை.
மகனுக்குக் காய்ச்சல் என்றேன்.
சம்பளத்தில் ஐந்து ஷில்லிங் குறைகிறது என்றேன்.
ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடிக்கொண்டே துடைத்தேன்.
உங்கள் காதில்தான் ஊரே இருந்ததே.’

கடைசி நீயை அவள் விழுங்கவில்லை.
சூசரா இருமவில்லை.
வாயைத் திறந்தாள், மூடினாள்,
பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள்.
என்னிடம் பிரதி இல்லை.

அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் உயிரோடிருந்தாள்,
நாடகம் வரவில்லை.
மேசையில் கிடந்த ஒரே தாளை
வக்கீல் என்னிடம் தந்தார்.

*கதவு திறக்கிறது.*
*கட்ரீன்:*

அந்த முக்காற்புள்ளிக்கு அப்பால்
எழுதி அழித்து எழுதி அழித்து
தாள் வெங்காயத் தோலாகியிருக்கிறது.
விளக்கில் பிடித்துப் பார்த்தால்
மறுபக்கத்து மளிகைக் கணக்குதான் தெரிகிறது:
மெழுகுவர்த்தி, ரூய்போஸ் தேயிலை,
சர்க்கரை இரண்டு கிலோ.