அடக்க விலை

மதுரையில் கேட்டதற்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்றான்.
அதுவும் என் உயரத்துக்கு இல்லை.
"லேடீஸ் சைக்கிள் அந்தப் பக்கம் மேடம்" என்று
முன்னால் கூடை வைத்த ரோஸ் நிறத்தைக் காட்டினான்.
ஜெர்மன்காரன் கடையில்
நாற்பத்தாறு சென்டிமீட்டர் சட்டம் இருந்தது,
எழுநூற்று அறுபது யூரோ, தள்ளுபடி போக.
ஏலக்காய்க் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்,
அதை ரூபாயாக்க
எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

மிச்சம் நாற்பத்தையாயிரத்து எண்ணூறு என்று
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்.
மிச்சம் என்ற சொல்லுக்குக் கீழே
இரண்டு கோடு.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன.
அனுப்பும் கூலி.
பேங்க் பிடித்துக்கொண்ட மூன்றரை சதவீதம்.
சென்னையிலிருந்து ஒரு பையன், தூங்கி எழுந்த குரலில்,
"ஆதார் அனுப்புங்க மேடம், பொருள் கஸ்டம்ஸ்ல நிக்குது."
எதற்காக வாங்கினீர்கள் என்று ஒரு படிவம் கேட்டது.
சொந்த உபயோகம் என்று நிரப்பும்போது கை கூசியது;
அந்த இரண்டு சொல்லை
என் பெயருக்குக் கீழே நான் எழுதியதே இல்லை.

அழித்து அழித்து எழுதியதில்
மிச்சம் இரண்டாயிரத்து நானூற்றுப் பத்தில் வந்து நின்றது.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்கத்து வரவு தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் நாற்பதாயிரம் என்றேன்.
மாமியாரிடம் பதினெட்டு.
கடையில் லில்லிக்குட்டியிடம் எழுபத்திரண்டு.
"என்டெ ஈசோயே" என்று
அவள் எடைத்தட்டிலிருந்து கையை எடுத்தாள்,
எண்கள் பூஜ்யத்துக்கு ஓடின.

பெட்டி வந்தது.
ஒன்பது மொழியில் குறிப்புப் புத்தகம், ஒன்றும் நம்முடையதில்லை,
படம் பார்த்துத் திருகினேன்.
ஹேண்டில்பாரை ஒரு தடவை தலைகீழாக மாட்டிக் கழற்றினேன்.
எல்லாம் பொருந்தியது.
காற்று மட்டும் இல்லை.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜக்கப்பன்
லாரிக்கு அடித்தவன், டிராக்டருக்கு அடித்தவன்,
எஸ்டேட் ஜீப் அத்தனைக்கும் அடித்தவன்.
குழாயை வைத்துப் பார்த்தான், வைத்துப் பார்த்தான்.
"இதென்ன தாயி, ஊசி மாதிரி மூக்கு.
காத்து எப்பிடிப் போகும்?"

ஒன்பது நாள் ஹாலில் நின்றது.
துணி மட்டும் காயப் போடவில்லை,
அந்த மரியாதை இருந்தது.

அடிமாலியில் ஒரு கடையில் பித்தளை மூடி கிடைக்கும்,
அதை வைத்தால் எந்தக் குழாயும் ஏறும் என்று
லில்லிக்குட்டிதான் விசாரித்துச் சொன்னாள்.
லீவு போட்டுவிட்டு
காலை ஐந்து மணிக்கு, காய் பறிக்கப் போகிறவர்களோடு
ஜீப்பில் பின்னால் நெருக்கி உட்கார்ந்தேன்.
"மேல யாரப் பாக்க?"
"யாரையும் இல்ல, காத்தடிக்க."
மூன்றாவது கொண்டையூசி வரை சிரித்தார்கள்.
நான்காவதிலிருந்து நான் வளைவுகளை எண்ணினேன்,
இன்ஜின் எங்கே இருமுகிறது,
எங்கே நான் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்று.

திரும்பும்போது போடிமெட்டு செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
காயா என்றார்கள்.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்,
சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை.
அறுபது ரூபாய்.
பில் இருக்கிறது என்றேன், யாரும் கேட்கவில்லை.

ஜக்கப்பன் திருகினான், அழுத்தினான்.
டயர் மெல்ல முதுகை நிமிர்த்தியது.
கட்டைவிரலால் ஒரு குத்து.
"மொத்தம் என்ன ஆச்சு தாயி?"
அவனிடம் ஏன் சொன்னேனோ தெரியாது,
ஒரு லட்சத்துப் பதினையாயிரத்து அறுநூற்று ஐம்பது,
ஜீப் கூலி சேர்க்காமல்.
முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.
"காத்துக்கு அஞ்சு ரூபா."

பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன்.
மலை நேரே தெரிந்தது.
மிச்சத்துக்கு நிற்காமல் ஏறினேன்.